உப்பிட்டவர்

லராஷ் நகர ஆய்வகம். செவ்வாய்க்கிழமை.
சாக்கில் வந்திருக்கிறது
மூன்றாம் மாடியிலிருந்து பெயர்ந்த பால்கனி.
பதினோரு கிலோ என்று கையெழுத்துப் போட்டேன்.
யாரும் சாகவில்லை.
துணி உலர்த்திக்கொண்டிருந்தவள்
கிளிப் தீர்ந்துபோய் உள்ளே திரும்பியிருக்கிறாள்.

என்னிடம் கேட்டிருப்பது மணலைப் பற்றி மட்டும்:
என்ன பருமன், என்ன வடிவம், எந்த ஊர்.

ஆறு சல்லடை, ஒன்றின்மேல் ஒன்று.
மேலே இரண்டு மில்லிமீட்டர் கண்,
கீழே போகப்போக
மாவுக்கும் மூச்சு முட்டும்.
எந்திரம் பத்து நிமிடம் குலுக்கும்.
அப்புறம் ஒவ்வொரு தட்டையும் கவிழ்த்து
முதுகில் தூரிகையால் வருடவேண்டும்,
நகத்தால் தட்டினால் கண் விரிந்துவிடும்,
நாளைய மணல் பொய் சொல்லும்.
பன்னிரண்டு வருடமாகச் சலிக்கிறேன்.
சலித்ததில்லை என்றால் நம்பமாட்டீர்கள்.
சில மதியங்களில் நானும்தான்.

பொறியாளர் தஹிரிக்கு அவசரம்.
"அமிலத்தில் போடு, இத்தோ.
சிமெண்ட் கரையும், மணல் மிஞ்சும்,
வியாழக்கிழமை அறிக்கை வேண்டும்."
கரையும், உண்மைதான்.
நுரைத்துப் பொருமித் தெளிந்தபின்
அடியில் குவார்ட்ஸ் மட்டும் கிடக்கும்,
குளித்துத் தலைவாரி வந்த சாட்சி மாதிரி.
ஆனால் சிப்பியும் சுண்ணாம்புதானே,
அதுவும் சேர்ந்தல்லவா நுரைத்துப்போகும்?

இதை அவரிடம் சொல்லவில்லை.
ஒரு கைப்பிடித் துண்டை மட்டும்
மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
எல்லோரும் சாப்பிடப் போனபின்
மரச் சுத்தியல், ஊசி, நுண்ணோக்கி.

முந்நூறு மணி எண்ணவேண்டும்.
ஒவ்வொன்றின் முனைக்குள்ளும் பொருந்துகிற சின்ன வட்டங்கள்,
மணி முழுவதற்குள்ளும் ஒரு பெரிய வட்டம்,
சின்னவற்றின் சராசரியைப் பெரியதால் வகுத்தால்
எவ்வளவு அடிபட்டு வந்தது என்று தெரிந்துவிடும்.
லுக்கோஸ் ஆற்று மணல் எனக்குப் பழக்கம்,
முனையும் முரண்டுமாய் 0.3 தாண்டாது.
இவை 0.6, 0.7, 0.7,
அலை உருட்டி உருட்டிக் கோபம் போனவை.
இருநூற்றுப் பதினான்காவது, மணி இல்லை.
ஊதா நிறத்தில் வரிவரியாய் ஒரு குச்சி:
கடல் முள்ளெலியின் முள்.
மூன்றாம் மாடியில் அதற்கு என்ன வேலை.

எனக்குத் தெரியும் என்ன வேலை என்று.

அல்லால் எங்கள் கட்டடத்தின் கீழ்வீடு.
விடியும் முன் அவன் கழுதை திரும்பி வரும்,
நான்கு காலும் நனைந்திருக்கும்,
முதுகில் சாக்கு இருந்த இடத்தில் மட்டும்
உப்பு பூத்திருக்கும்.
ஒரு சுமைக்கு எவ்வளவு என்று நான் கேட்டதில்லை.
என் மகனுக்கு அம்மை போட்டபோது
ஒன்பது நாள் அவன்தான் தண்ணீர் தூக்கி வந்தான்.
மழைக்காலத்தில் கதவில் மத்தி மீன் தொங்கும்,
உப்பிலிட்டு, செய்தித்தாளில் சுற்றி.

அறிக்கையில் அல்லாலுக்குக் கட்டம் இல்லை.
கழுதைக்கும் இல்லை,
சாக்குகளை லாரியில் மாற்றிக்கொண்டவருக்கும் இல்லை.
இப்படித்தான் இருக்கிறது அறிக்கை:
சராசரி உருண்டைத்தன்மை 0.68.
சிப்பித் துணுக்குகள் பதினேழு, முள் ஒன்று.
அமிலம் பயன்படுத்தப்படவில்லை.
மூலம்: கடற்கரை.
சலிப்பில் இழப்பு 0.3 கிராம், அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்.

தஹிரி வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார்,
"கடற்கரை" என்ற சொல்லின்மேல்
விரலை வைத்துக்கொண்டே இருந்தார்.
பிறகு தேதி தப்பு என்றார்.
தேதி தப்புத்தான். திருத்தினேன்.

இரவு. மகன் தூங்குகிறான்,
கட்டில் தலைமாட்டுச் சுவரைக்
காரோட்டிக் காரோட்டிச் சுரண்டியிருக்கிறான்.
எங்கள் கட்டடத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும்
ஒரே வருடம்தான் அஸ்திவாரம் போட்டார்கள்.
தரையில் ஒரு சிட்டிகை விழுந்து கிடந்தது.
நுண்ணோக்கி ஆய்வகத்தில்.
நாக்கு ஒரு கருவி என்று
எந்தத் தரநிலையிலும் எழுதியில்லை.

விரலைத் தொட்டு வைத்தேன்.
கீழே கழுதை செருமியது,
அவன் கிளம்புகிறான்.